மூணடிக்கு மூணடி ஆபீஸ்

வீட்டிலேயே ஆபீஸ் அமைப்பது எப்படி என்று பத்திரிகைகளில் படம் போடுகிறார்களே, அதை முதலில் நன்றாகப் பாருங்கள். வெள்ளைச் சுவர், ஜன்னலோரம் மேசை, மேசை மேல் தொட்டிச் செடி, பக்கத்தில் ஆவி பறக்கும் காபி. ஆள்தான் இல்லை. காபி போட்டவரும் இல்லை, குடிக்கப் போகிறவரும் இல்லை. ஆளில்லாத வீட்டில் ஆபீஸ் போட யாருக்கும் யோசனை சொல்லத் தேவையில்லை. இந்த வழிகாட்டி, சேத்தியாத்தோப்பில் ஒரு ஹால், ரெண்டு ரூம், ஆறு பேர், ஒரு பீரோ, அறுவடை முடிந்தால் நாலு நெல் மூட்டை என்று இருக்கிற வீட்டுக்கு.

இந்தத் தேவை வந்ததே 2020-ல்தான். மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியதும் சென்னை, பெங்களூரில் இருந்த பிள்ளைகள் லேப்டாப்பும் கையுமாக ஊர் வந்து சேர்ந்தார்கள். அதுவரை நமக்கும் சென்னைக்கும் இருந்த பெரிய கொடுக்கல் வாங்கல் தண்ணீர். வீராணம் ஏரித் தண்ணீரை நம்மூரில் பம்ப் வைத்துத் தள்ளி, வடக்குத்தில் சுத்தம் செய்து, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயிலேயே சென்னைக்கு அனுப்புகிறார்கள், 2004-லிருந்து நடக்கிறது. இப்போது எதிர்த் திசையில் அங்கிருந்து எக்செல் ஷீட் வருகிறது. தண்ணீர்க் குழாய்க்கு அரசாங்கம் இடம் எடுத்துக் கொடுத்தது. எக்செல் ஷீட்டுக்கு நீங்களேதான் இடம் பார்த்தாக வேண்டும்.

சரி, எந்த மூலை? நாலு மூலையில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். அந்த நாலையும் நீங்கள் பிறப்பதற்கு முன்பே பங்கு பிரித்துவிட்டார்கள். வடகிழக்கு ஈசானி மூலை, சாமி படம் இருக்கிறது. தென்கிழக்கு அக்னி மூலை, அடுப்பு எரிகிறது. தென்மேற்கு கன்னி மூலை, பீரோ நிற்கிறது. அதை ஓரடி நகர்த்தினாலும் வீட்டில் பணம் தங்காது என்பார்கள், இப்போது ஏதோ தங்குவதைப் போல. வடமேற்கு வாயு மூலையில் குளியலறை. ஆக, உங்களுக்கு வேண்டியது ஐந்தாவது மூலை. கதவுக்குப் பின்னால், பரணுக்கு அடியில், மாடிப்படிக்குக் கீழே என்று தேடினால் கிடைக்கும். மூணடிக்கு மூணடி இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் அங்கே ஏற்கனவே யாராவது படுத்திருப்பார்கள்.

திண்ணை இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான், நம் ஊர்ப்பக்கம் முதலில் வீட்டு ஆபீஸ் நடந்ததே திண்ணையில்தான். கர்ணம் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்து, கணக்குப் பெட்டியை மடிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டால் ஆபீஸ் திறந்தாகிவிட்டது. சிட்டாவும் அடங்கலும் பெட்டிக்குள், மிச்சம் பக்கத்தில் துணி மூட்டையில். சுழல் நாற்காலி அவருக்குத் தேவைப்படவில்லை. ஊரே அவரைச் சுற்றியது. 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. பிறகு கிராம நிர்வாக அலுவலர் என்று தேர்வெழுதி வந்தார்கள். காலியான திண்ணையைக் கிரில் அடித்து பைக் விடுவதற்கு வைத்துக்கொண்டோம்.

ஆனாலும் திண்ணையில் லேப்டாப்போடு உட்காராதீர்கள். திண்ணைக்குப் பழைய ஞாபகம் போகவில்லை. உட்கார்ந்த அரைமணியில் எதிர்வீட்டுப் பெரியம்மா ரேஷன் கார்டோடு வருவார்.

"தம்பி, சும்மாதான இருக்க? இதுல மருமவ பேரு ஏறல, என்னான்னு பாரு."

"மீட்டிங்ல இருக்கேன் பெரிம்மா."

"யாரையும் காணுமேப்பா?"

சரி, முடித்துக் கொடுத்துவிடலாம் என்று இறங்கினால் ஓ.டி.பி. கேட்கும். எந்த நம்பருக்குப் போகும் என்று விசாரித்தால், பெரியவன் நம்பருக்கு. பெரியவன் துபாயில் இருப்பான். அங்கே அவன் ஷிப்டு முடிந்து வர ராத்திரி ஆகும். அதுவரை பெரியம்மா திண்ணையை விட்டு நகர மாட்டார். அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து பட்டா மாறுதலுக்கு ஒருவர், ஹால் டிக்கெட்டுக்கு ஒரு பிள்ளை, கரண்ட் பில்லுக்கு இன்னொருவர். சாயங்காலத்துக்குள் நீங்கள் சம்பளம் இல்லாத கர்ணம்.

ஆகவே உள்ளே வாருங்கள். இடம் உள்ளே இருக்கிறது, அதுவும் மேசையோடு. வீட்டில் தையல் மெஷின் இருக்கிறதா? காலால் மிதிப்பது, இரும்புக் கால், மரப் பலகை வைத்தது? அதைவிடச் சிறந்த ஆபீஸ் மேசையை இதுவரை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. தரையிலிருந்து ஏறக்குறைய 30 அங்குலம், ஆபீஸ் மேசைக்குச் சொல்கிற அதே உயரம். மெஷின் தலையை உள்ளே மடக்கிப் பலகையை மூடினால் லேப்டாப்பும் மவுஸும் ஒரு டம்ளர் டீயும் வைக்கலாம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு மிதித்தால் சக்கரம் மட்டும் சும்மா சுற்றும். உட்கார்ந்தே வேலை செய்கிறவர்கள் காலை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்; அதற்கென்று மேசைக்கு அடியில் வைக்கிற மிதிவண்டிக் கட்டை ஆயிரக்கணக்கில் விலை போகிறது. உங்கள் வீட்டில் அது உங்கள் அம்மாவின் கல்யாணச் சீரோடு வந்து இறங்கிவிட்டது.

டிராயரைத் திறந்து பாருங்கள். பாபின், கொக்கி, சாக்குக் கட்டி, ஜோடி சேராத பட்டன்கள், அறுந்த ஜிப்பு, எந்தக் காலத்திலோ தொலைந்ததாகச் சொன்ன கம்மல் திருகு. அடியில் சுருண்டு கிடக்கிற இன்ச் டேப்பை எடுத்து மூலையை அளந்துகொள்ளலாம். முதல் மூணு அங்குலம் அழிந்திருக்கும், சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் பென் டிரைவை அந்த டிராயரில் வைக்காதீர்கள். அடுத்த வாரம் அதன் மேல் நீல நூல் சுற்றியிருக்கும்.

மேசை கிடைத்துவிட்டது. அனுமதி கிடைக்கவில்லை.

"அம்மா, மெஷின் மேல லேப்டாப் வெச்சுக்கட்டா?"

"வெச்சுக்க. கோடி வீட்டுக்காரிக்கு ரெண்டு ஜாக்கெட் அடிக்கணும், அதுவரைக்கும்தான்."

"எப்பம்மா அடிப்ப?"

"நீ எப்ப எந்திரிப்ப?"

இந்த இடத்தில் வாதாடக் கூடாது. ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு தென்காசிப் பக்கம் மத்தளம்பாறை என்கிற கிராமத்தில் உட்கார்ந்துகொண்டே உலகம் பூராவும் கம்பெனி நடத்தினார் என்று சொல்லிப் பார்க்கலாம். "அவரு மொதலாளி. நீ காலத் தூக்கு, பெருக்கணும்" என்று பதில் வரும். அதைவிட உருப்படியான வழி, ஷிப்டு பேசிக்கொள்வது. காலை ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரை கம்பெனி, சாப்பாட்டு நேரத்தில் ஜாக்கெட், ரெண்டரையிலிருந்து மறுபடி கம்பெனி. தீபாவளிக்கு முந்தைய மாதமும் தை முகூர்த்தங்களும் இந்த ஒப்பந்தத்தில் வராது. அப்போது கட்டில்தான் உங்கள் ஆபீஸ். லீவு எடுப்பதாக இருந்தால் அந்த நாட்களில் எடுங்கள்.

நாற்காலி விஷயத்துக்கு வருவோம். சுழல் நாற்காலி ஆர்டர் போடலாம் என்று ஆசையாக இருக்கும். வேண்டாம். அது வந்து இறங்கிய அன்றைக்கே அக்கா பிள்ளைகள் அதில் ரயில் விடுவார்கள். மறுநாள் தாத்தா அதில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அவர் எழுந்திருக்கிற நேரம் உங்கள் மேனேஜரின் நேரத்தோடு ஒத்துவராது. பிளாஸ்டிக் சேரே போதும். அதில் ஒரு குறை உண்டு: சீட்டு தாழ்வு, பதினாறு பதினேழு அங்குலம்தான் இருக்கும். முழங்கை மேசை மட்டத்துக்கு வந்து செங்கோணமாக மடங்க வேண்டும் என்பது விதி. இந்தச் சேரில் உட்கார்ந்தால் முகவாய்தான் மேசை மட்டத்துக்கு வரும். ஆகவே கீழே ஒரு தலையணை போடுங்கள். தலையணை போட்டதும் கால் தரையில் நன்றாகப் பதியாது. கால் வைக்க மணையை எடுக்கத் தோன்றும், அளவும் கச்சிதமாக இருக்கும். எடுத்தால் ஆயா விடமாட்டார். "நலங்கு வெக்கிற மணைல காலயா வெக்கிற?" என்று ஆரம்பித்தால் அது உங்கள் கல்யாணம் இன்னும் ஆகாததில் போய் முடியும். கொல்லையில் இரண்டு செங்கல் கிடக்கும், அதைக் கழுவிப் போட்டுக்கொள்ளுங்கள்.

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கழுத்து போய்விடும். லேப்டாப்பைத் தூக்கி வைத்துவிட்டுத் தனிக் கீபோர்டில் அடிப்பதுதான் வழி. தூக்கி வைப்பதற்கு ஸ்டாண்டு வாங்காதீர்கள். பிளஸ் டூ பாடப் புத்தகங்கள் இரண்டு தொகுதியை அடுக்கினால் சரியான உயரம் வரும், படித்த காலத்தில் அவற்றால் வந்ததைவிட அதிகப் பலன். கம்பெனி லேப்டாப் மக்கர் செய்தால், 2011 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் எங்காவது இருக்கும். அந்த ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி அதோடு சேர்ந்தே தொடங்கிய இன்னொரு திட்டத்தில் வந்த மின்விசிறியும் இருக்கும். அதைக் காலுக்கு நேராகத் திருப்பி வையுங்கள். முகத்துக்கு நேராக வைத்தால் மைக்கில் காற்று அடித்து, சேத்தியாத்தோப்பில் புயலா என்று பெங்களூரில் கேட்பார்கள்.

மின்சாரம் தனி அத்தியாயம். நமக்கு வடக்கே பக்கத்தில்தான் நெய்வேலி. 1962-லிருந்து அங்கே மின்சாரம் தயாராகிறது, பல மாநிலங்களுக்குப் போகிறது. விளக்குக்கு அடியில் இருட்டு என்பதை நம் ஊரில் யாரும் பழமொழியாகச் சொல்வதில்லை, தகவலாகச் சொல்கிறோம். பராமரிப்புப் பணி என்று பேப்பரில் வருகிற அறிவிப்பில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை என்று போட்டிருக்கும். உங்கள் கம்பெனி நேரமும் ஏறக்குறைய அதுதான். இரண்டு பக்கமும் கலந்து பேசி வைத்துக்கொண்ட மாதிரியே இருக்கும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூர் மாவட்டத்தில் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டபோது பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. நல்லவேளை, அப்போது யாருக்கும் காலை பத்து மணிக்கு ஸ்டாண்ட் அப் மீட்டிங் இல்லை.

இங்கிருந்து வடலூர் போகிற வழிக்குப் பக்கத்தில் கருங்குழி இருக்கிறது. அங்கே மணியக்காரர் வெங்கட ரெட்டியார் வீட்டில் ஓர் அறையில்தான் வள்ளலார் 1858 முதல் ஒன்பது ஆண்டுகள் தங்கி இருந்து பாடல்கள் எழுதினார். வீட்டுக்குள் எழுதுவதற்கென்று ஒரு மூலை என்றால் இந்த வட்டாரத்தில் அதற்கு மிஞ்சியது கிடையாது. ஒருநாள் வீட்டம்மா ஊருக்குப் போகும்போது, எண்ணெய் வைக்கும் பழைய கலயத்துக்குப் பதில் புதுக் கலயம் வாங்கி, அது பழகட்டும் என்று தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். எழுத்தில் மூழ்கியிருந்த வள்ளலார் விளக்கு மங்க மங்க அந்தத் தண்ணீரையே எடுத்து ஊற்ற, விடிய விடிய விளக்கு எரிந்தது என்பது பக்தர்கள் சொல்லும் வரலாறு. வேலையில் அந்த அளவு ஒன்றிப் போகிறவர்களுக்கு பவர் பேக்கப் தேவையில்லை. மற்றவர்கள் இன்வெர்ட்டர் வாங்கிக்கொள்ளவும். அதற்கும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். டிஸ்டில்டு வாட்டர், பெட்ரோல் பங்கில் கேட்டால் கிடைக்கும்.

கரண்ட் தெருவுக்கே போய்விட்டதா, நம் வீட்டுக்கு மட்டும் போயிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டால், நம் வீட்டில் பீஸ் போயிருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, போர்டைத் திறந்து பீஸ் கட்டையைப் பிடுங்குங்கள். கையில் வருகிற அந்த வெள்ளைப் பீங்கான் கட்டையைக் கொஞ்சம் மரியாதையாகப் பாருங்கள், நம் மேற்கு எல்லைச் சரக்காகக்கூட இருக்கலாம். விருத்தாசலத்தில் பீங்கானுக்கென்று தொழிற்பேட்டை இருக்கிறது, செராமிக் படிப்புக்கென்றே அரசுப் பயிலகம் இருக்கிறது. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கிற வெள்ளைக் களிமண் பக்கத்திலேயே கிடைத்ததால் அங்கே அந்தத் தொழில் ஊன்றிக்கொண்டது. ஒரே குழியில் கீழே தோண்டினால் கரண்ட், மேலே தோண்டினால் அதைப் பிடித்து நிறுத்துகிற பீங்கான். கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற இன்சுலேட்டர், கார்த்திகைக்கு அகல், அலமாரிக்குக் குட்டி பொம்மை என்று பலதும் அங்கே ஆகின்றன.

ஆபீஸ் அலங்காரத்துக்கு வேறெங்கும் போகாதீர்கள், விருத்தாசலம் பஸ் ஏறுங்கள். ஊறுகாய் ஜாடி ஒன்று வாங்கி வந்தால் அது பேனா ஸ்டாண்டு. கழுத்துவரை பழுப்பு, கீழே வெள்ளை, மூடி தனியாகக் கழன்று வரும். மூடியில் பேப்பர் கிளிப் போட்டுக்கொள்ளலாம். பழைய இன்சுலேட்டர் கிடைத்தால் அதைவிட நல்ல பேப்பர் வெயிட் கிடையாது, சீலிங் ஃபேன் ஐந்தில் ஓடினாலும் அசையாது. 1,200 டிகிரிக்கு மேல் சூளையில் வெந்து வந்த பொருள் அது. நம் வீட்டு மே மாதத்தைத் தாங்கும் என்று உத்தரவாதமாகச் சொல்லக்கூடிய ஒரே ஆபீஸ் சாமான் அதுதான்.

இன்டர்நெட் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கேபிள்கார அண்ணன் இழுத்துக் கொடுக்கிற ஃபைபர் நன்றாகவே வேலை செய்யும், கரும்பு வெட்டு தொடங்குகிற வரைக்கும். தொடங்கிவிட்டால் ஆலைக்கு லோடு ஏற்றிக்கொண்டு போகிற டிராக்டர்கள் ரெண்டாள் உயரத்துக்குத் தெருவை அடைத்துக்கொண்டு வரும். மேலே துருத்திக்கொண்டிருக்கிற ஒரு கரும்பு, தாழ்வாகத் தொங்குகிற உங்கள் ஒயரைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போய்விடும். சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள், ஒயருக்காக இல்லை. அண்ணனிடம் பேசி ஒயரை உயரத்தில் கட்டச் சொல்லுங்கள். மேனேஜருக்கு 'டெக்னிக்கல் இஷ்யூ' என்று மட்டும் மெசேஜ் போடுங்கள். கரும்பு என்று எழுதினால் நம்ப மாட்டார்.

வீடியோ மீட்டிங்கில் உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்பது உங்கள் முகத்தைவிட முக்கியம். நகைக்கடை காலண்டர் தெரிந்தால் பரவாயில்லை. மாலை போட்ட தாத்தா படம் தெரிந்தால் ஒவ்வொரு மீட்டிங்கிலும் யாராவது புதிதாக வந்தவர் வருத்தம் தெரிவிப்பார், அவர் போய் இருபது வருஷம் ஆகியிருந்தாலும். கொடியில் காய்கிற உள்பாவாடை கட்டாயம் தெரியக் கூடாது. கம்ப்யூட்டரே போட்டுத் தருகிற பொய்ப் பின்னணி வேண்டாம். அது உங்கள் ஒரு காதைத் தின்றுவிட்டு, பின்னால் போகிற ஆயாவைப் பாதி மட்டும் காட்டும். சுத்தமான வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடியில் விரித்துத் தொங்கவிட்டால் போதும், நல்ல ஸ்டுடியோ. ஆயா அதை விலக்கிக்கொண்டு வந்து திரையைப் பார்த்து, "யாரு இந்தப் பொண்ணு, லட்சணமா இருக்கு, கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்பதை எந்தத் திரையாலும் தடுக்க முடியாது. ம்யூட் பட்டன் எங்கே இருக்கிறது என்பதை விரலுக்கு மனப்பாடம் பண்ணிவையுங்கள். குக்கருக்கும், ஆடி மாத ரேடியோ செட்டுக்கும், ஆயாவுக்கும் அது ஒன்றுதான்.

கடைசியாக, என்றைக்காவது ஒருநாள் அந்த மெயில் வரும்: வாரத்தில் மூன்று நாள் நேரில் ஆஜராகவும். அதை வீட்டில் உடனே சொல்லிவிடாதீர்கள். சொன்ன நிமிஷமே அந்த மூலை உங்களுடையது இல்லை. மெஷின் தலையைத் தூக்கி நிறுத்தி எண்ணெய் போட ஆரம்பித்துவிடுவார்கள். கடைசி வாரத்தை நீங்கள் கட்டிலில் முதுகு வலியோடு ஓட்ட வேண்டியிருக்கும். பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டபிறகு, முதல் நாள் ராத்திரி சாப்பாட்டின்போது பேச்சுவாக்கில் சொல்லுங்கள். செங்கல்லைக் கொல்லையில் போடுங்கள், பாடப் புத்தகங்களைப் பரணில் ஏற்றுங்கள், டிராயரைக் குடைந்து உங்கள் பென் டிரைவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாடியை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள். மாங்காய் சீசனில் அதில் ஆவக்காய் போட்டு, ஊரிலிருந்து வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவார்கள். உள்ளே இருந்த பேனாவெல்லாம் எங்கே என்று போன் போட்டுக் கேட்காதீர்கள்.